அலிகாந்தேயில் எட்டு மணித்தியாலம்

எங்கள் உல்லாசக் கப்பல் ஸ்பெயினின் அலிகாந்தேயில் தரித்தது எட்டு மணித்தியாலமே. கோட்டை மலையைக் கீழிருந்து பார்த்ததோடு சரி. அலைபோல் மூவண்ணச் சலவைக்கல் பதித்த கடலோர வீதியில் கோப்பி குடித்தேன், விலைதான் கசந்தது.

பிறகு சேமக்காலைக்குப் போனேன். இளமையில் ஆடு மேய்த்த கவிஞர் மிகேல் எர்னாண்டஸ் அடக்கமாகியிருப்பது அங்கேதான். 1942 மார்ச் 28இல் இந்நகர்ச் சிறையில் காசநோயால் இறந்தார், வயது 31. அதற்குச் சரியாக மூன்றாண்டுகள் முன்னர், 1939இல் அதே நாளில், 'ஸ்டான்புரூக்' என்ற பிரித்தானியச் சரக்குக் கப்பல் 2,600க்கு மேற்பட்ட அகதிகளோடு இத்துறைமுகத்திலிருந்து ஒரானுக்குப் புறப்பட்டது. பின்னால் வந்த ஆயிரக்கணக்கானோர் அடுத்த கப்பலுக்காகக் கரையிலே காத்து நின்றார்கள். கப்பல் வரவில்லை. இரண்டு நாளில் பிராங்கோவுக்குத் துணைநின்ற இத்தாலியப் படை வந்தது.

மாலையில் எங்கள் கப்பல் ஊதியது. அட்டையைக் காட்டினேன், புன்னகையோடு ஏற்றிக்கொண்டார்கள்.