பணமும் பந்தயமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



“விளையாட்டைப் பத்திப் பேசுங்க, ஆனா பத்து நிமிஷத்துக்கு மேல போனா சாப்பாடு ஆறிடும்” என்று செயலாளர் சொல்லிவிட்டார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். பணம் அதிகம் உள்ள அணிதான் ஜெயிக்குமா? அப்படியானால் எதற்கு விளையாட வேண்டும், பாங்க் பாஸ்புத்தகத்தைப் பார்த்துக் கோப்பையைக் கொடுத்துவிடலாமே!

இந்தக் கேள்வியை அதிகம் கேட்டவர்கள் அமெரிக்காவின் பேஸ்பால் ரசிகர்கள். அங்கே ஓர் அணி சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்ற கட்டாய உச்சவரம்பு கிடையாது. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். 2002-ல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் சம்பளச் செலவு சுமார் பன்னிரண்டரைக் கோடி டாலர். ஓக்லண்ட் அணிக்கு சுமார் 4 கோடி டாலர்தான். அதற்கு முந்தைய பருவம் முடிந்ததும் ஓக்லண்டின் நட்சத்திர ஆட்டக்காரர் ஜேசன் ஜியாம்பியை யாங்கீஸ் இழுத்துக்கொண்டது. ஆனாலும் அந்த ஆண்டு லீக் ஆட்டங்களில் இரண்டு அணிகளும் ஆளுக்கு 103 வெற்றி. ஓக்லண்ட் தொடர்ந்து 20 ஆட்டங்களை ஜெயித்தது. மற்றவர்கள் மதிக்காமல் விட்ட ஆட்டக்காரர்களை, கணக்குப் போட்டுப் பார்த்து மலிவாக எடுத்ததுதான் அவர்கள் செய்த காரியம்.

இதைக் கேட்டு, “அப்போ பணம் முக்கியமில்லை”ன்னு சந்தோஷப்பட வேண்டாம். 2023-ல் பெரும்பணம் கொட்டிய நியூயார்க் மெட்ஸ் அணி இறுதிச் சுற்றுகளுக்கே வரவில்லை என்பது உண்மை. ஆனால் 2024, 2025 இரண்டு ஆண்டும் கோப்பையை எடுத்த லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ், செலவில் முன்வரிசையில் நிற்கும் அணி. ஓக்லண்ட் அணியோ 2024-உடன் அந்த ஊரைவிட்டே போய்விட்டது. புத்தி ஒரு வருஷம் பணத்தை ஜெயிக்கும். வருஷா வருஷம் ஜெயிப்பது கஷ்டம்.

நம் ஊர்ப்பக்கம் வருவோம். ஐ.பி.எல். 2008-ல் தொடங்கியபோது மும்பை அணி 11 கோடியே 19 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. ராஜஸ்தான் அணிக்கு 6 கோடியே 70 லட்சம் டாலர்தான். எட்டு அணிகளில் அதுதான் குறைவு. முதல் கோப்பையை வாங்கியது யார்? ராஜஸ்தான்! இதற்கு இடம் கொடுத்தது ஏலத்துக்கு வைத்த உச்சவரம்பு. அம்பானியாக இருந்தாலும் வரம்புக்கு மேல் கூப்பிட முடியாது. 2025 பருவத்துக்கு அந்த வரம்பு அணிக்கு 120 கோடி ரூபாய்.

கபடியிலும் அப்படித்தான். நம் தமிழ் தலைவாஸ் கதை உங்களுக்குத் தெரியும். 2019-ல் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மன்ஜீத் சில்லர் என்று பெரிய பெயர்களாக வைத்திருந்தும் கடைசி இடம். 2022-ல் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே அவருக்குக் காயம், அந்தப் பருவம் முழுக்க ஆடவில்லை. “போச்சுடா, அவ்வளவுதான்”னு எல்லாரும் நினைத்தோம். ஆனால் நரேந்தர் போன்ற இளம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த அணி முதல்முறையாக அரையிறுதிக்குப் போயிற்று.

அதனால் உச்சவரம்பு நல்லதுதான். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 2023 முதல் 2027 வரை 48,390 கோடிக்கு விற்றது. ஆண்டுக்குச் சுமார் 9,700 கோடி. பத்து அணிகளின் ஏலத் தொகையைக் கூட்டினால் 1,200 கோடி. எட்டில் ஒரு பங்கு! அணிகளுக்குள் சமத்துவம் வந்தது. ஆனால் முதலாளிக்கும் ஆடுகிறவனுக்கும் நடுவில் வரவில்லை. அமெரிக்க பேஸ்பால் வீரர்கள் சங்கம் இதற்காகத்தான் உச்சவரம்பை ஏற்க மறுத்தது. 1994-ல் வேலைநிறுத்தம் செய்தார்கள், அந்த ஆண்டு இறுதிப்போட்டியே நடக்கவில்லை.

இன்னொன்று, ஏலம். பாலக்கோடு தக்காளி மண்டியைப் பார்த்து வளர்ந்த நமக்கு ஏலம் புதிதா என்ன? பழம் அதே பழம்தான், விலைதான் ஏறி இறங்கும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பாருங்கள். 2017-ல் 10 லட்சம் அடிப்படை விலையில் இருந்து 3 கோடிக்குப் போனார். அடுத்த ஆண்டே 40 லட்சம். 2025 பருவத்துக்கு 10 கோடியே 75 லட்சம். ஏலத்தில் விலை குறைந்தால் ஆளும் குறைந்துவிட்டார் என்று அர்த்தமில்லை. தம்பிகளே, வேலைக்குப் போகும்போது உங்களுக்கும் இது பொருந்தும். அதைவிடப் பெரிய விஷயம், அவர் சொந்த ஊரிலேயே பயிற்சி மைதானம் அமைத்திருக்கிறார். ஏலத்துக்கு முன்னால் மைதானம் வேண்டும், இல்லையா? மைதானமே இல்லாத பிள்ளையை எந்த உச்சவரம்பும் காப்பாற்றாது.

கடைசியாக நம் வீட்டு விஷயம். நமது சங்கம் விளையாட்டு நிதி ஒன்று திரட்டப்போகிறது. மாரண்டஹள்ளியில் இருந்து வெளியூர்ப் போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு என்ன தேவை? பஸ் காசு, ஒரு நேரச் சாப்பாடு, ஒரு ஜோடி ஷூ. ஜெயிக்கிற அணிக்கே மேலும் மேலும் கொடுத்தால் நாமும் அந்தப் பெரிய முதலாளிகள் செய்வதைத்தான் செய்வோம். என் யோசனை இதுதான்: நிதியில் பாதியைக் கபடி, வாலிபால், கிரிக்கெட், ஓட்டம் என்று எல்லாவற்றுக்கும் ஆண், பெண் பேதமில்லாமல் சமமாகப் பிரிப்போம். மீதிப் பாதியை, யாருக்கு இல்லையோ அவர்களுக்குக் கொடுப்போம். கோப்பை தானாக வரட்டும், வராவிட்டாலும் பரவாயில்லை. நம் பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது.

பொதுக்குழுவில் இதை நீங்கள் விவாதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, சாப்பாடு ஆறுவதற்குள் விடைபெறுகிறேன்.