உன்னிச்சை நீரும் நகரத்துச் சோறும்

மட்டக்களப்பு நகரில், நண்பகல் வேளையில், புளியந்தீவிலுள்ள உணவுக் கடை ஒன்றினுள் நுழைபவன் முன் முதலில் வைக்கப்படுவது சோறன்று, தண்ணீர். கேளாமலே அது வைக்கப்படும். அதற்கு விலையும் இல்லை. அத்தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று உண்போர் வினவுவதில்லை. வினவவேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் உட்புறத்தே பரந்து கிடக்கும் உன்னிச்சைக் குளத்து நீர்தான் வவுணதீவில் சுத்திகரிக்கப்பெற்று, குழாய் வழியே நகரத்து மேசைகளுக்கு வந்து சேர்கின்றது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு அமைந்த திட்டம் அது.

உன்னிச்சையிலிருந்து கச்சேரிக்கோ, வங்கிக்கோ, ஆஸ்பத்திரிக்கோ வரும் உழவனும் வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வந்து அதே மேசையில் அமர்கின்றான். அவன் முன் பரிமாறப்படும் சோறு அவனுடைய வட்டையில் விளைந்த நெல்லாக இருத்தல் கூடும். இறுதியில் வந்து நிற்கும் எருமைத் தயிர் படுவான்கரைப் பட்டிகளில் கறந்த பாலில் உறைந்தது. தன் ஊர்ப் பொருளையே பிறன் கையால் வாங்கி உண்டு, பணமும் கொடுத்து எழுகின்றான் அவன். இதை அவன் பெரிதாக எண்ணுவதில்லை. கடைச் சொதியில் தேங்காய்ப் பால் போதாது என்பதே அவனுடைய குறை.

முன்னைய தலைமுறையினர் கடையில் உண்பதை எளிதாக ஏற்றவர்களல்லர். போடியார் வீடுகளில் வந்தவர்க்கெல்லாம் வெற்றிலை வட்டா நீட்டிச் சோறும் இட்ட நாட்டிலே, கடைச் சோறு என்ற சொல்லே ஓர் இகழ்ச்சியாயிற்று. பட்டினத்தில் மைத்துனர் வீடு இருக்க, ஒருவன் கடையில் உண்டான் என்ற செய்தி ஊருக்கு எட்டினால், அது உண்டவனுக்கு மட்டுமன்றி, மைத்துனருக்கும் இழுக்கு. ஆகவே வண்டியில் கட்டுச்சோறு ஏற்றிக்கொண்டு வந்தவர் பலர். 1928ஆம் ஆண்டு புகையிரதப் பாதை மட்டக்களப்பை எட்டியபின், உத்தியோகத்தரும் ஆசிரியரும் வியாபாரிகளும் உறவினர் இல்லாத ஊருக்கு வந்து தங்கலாயினர். உறவில்லாத ஊரில் பசி மட்டும் இல்லாமற் போகுமா? சைவக் கடைகளும் தேநீர்க் கடைகளும் பெருகியதற்கு அப்பசியும் ஒரு காரணம்.

எனினும், காசு கொடுத்தால் எவரும் உண்ணலாம் என்ற நிலை கடை திறந்த அன்றே வந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்திலே தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பல கடைகளில் இருக்கை மறுக்கப்பட்டது. தேநீர் கொடுத்த இடங்களிலும் பாத்திரம் வேறாயிருந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டு நிறைவேறிற்று. அதன் பின்னரும், 1960களின் பிற்பகுதியில், ஒரு கோப்பைத் தேநீரை ஏனையோரோடு ஒக்க இருந்து அருந்துவதற்காகவே அங்கே போராட்டங்கள் நடைபெற்றன. விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த குறளைத் தலைமேற் கொண்ட சமூகம், கடை வாங்கிலிலே மட்டும் அதனை மறந்தது விந்தையே.

இன்று யாழ்ப்பாணம் செல்லும் படுவான்கரை வாசி மலாயன் கபேயில் வாழையிலை முன் அமர்ந்து உண்கின்றான். கொழும்பில் பம்பலப்பிட்டியிலே சரஸ்வதி லொட்ஜ், கிறீன்லண்ட்ஸ் ஆகிய பெயர்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் நாவில் வழங்கியவை. தலைநகரத்துக் கடைகளில் பரிமாறுபவர் பண்டங்களின் பெயர்களை ஒரே மூச்சில் ஒப்புவிப்பார். மட்டக்களப்பிலிருந்து சென்றவன் அவற்றுள் இரண்டைக் காதில் வாங்குமுன் அவர் அடுத்த மேசைக்குப் போயிருப்பார். தட்டு நிறைய வடையும் றோல்சும் கொண்டுவந்து வைத்து, எடுத்தவற்றுக்கு மட்டும் கணக்குப் பார்க்கும் வழக்கம் இலங்கைக் கடைகளின் நாகரிகம் எனலாம். வேற்று நாட்டார் முழுத் தட்டுக்கும் பணம் கேட்பார்களோ என்று அஞ்சி அதனைத் தொடாமலே எழுந்துவிடுவர். வாழையிலைக்குப் பதிலாகப் பீங்கான் மீது விரிக்கப்பட்ட மெல்லிய பொலித்தீன் தாள் 2017ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. அத்தாளில் சுடுசோறு விழும்போது எழும் மணம் ஒருவர்க்கும் பசியை மூட்டியதாகத் தெரியவில்லை.

இரவில் மட்டக்களப்பு நகரின் ஓசை வேறு. வாவியில் மீன் பாடுவது கேட்கிறதோ இல்லையோ, இரும்புத் தட்டில் கொத்து றொட்டி கொத்தும் ஓசை தவறாது கேட்கும். இப்பண்டம் கிழக்கிலேதான் தோன்றியது என்பார் பலர். இரண்டு தகடுகளும் மாறி மாறி விழும் தாளத்தைக் கொண்டே, கொத்துபவர் கைதேர்ந்தவரா, புதியவரா என்று தெருவில் நின்றபடியே கூறிவிடும் சிறுவர் உளர். முட்டையும் இறைச்சிக் கறியும் கலந்து, ஆவி பறக்க அது வரும்போது, வீட்டுச் சோறே உயர்ந்தது என்று வாதிக்கும் முதியவரும் சற்று மௌனம் சாதிப்பார்.

காத்தான்குடிக் கடைகளின் புரியாணிக்கும் வட்டிலப்பத்துக்கும் தமிழூர்களில் இரசிகர் மிகுதி. முஸ்லிம் மக்களின் விருந்துகளில் சகன் எனப்படும் பெருந்தட்டைச் சுற்றிப் பலர் இருந்து ஒன்றாக உண்பர். 1990ஆம் ஆண்டு ஆவணியிலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அதற்கடுத்த மாதத்திலே சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள் கொல்லப்பட்டனர். ஒருவர் கடையில் மற்றவர் கால் வைக்க அஞ்சிய காலம் அது. இன்று அக்கடைகளில் இரு சமூகத்தாரும் அருகருகே அமர்ந்து உண்பதைக் காணலாம். பேசுவது நெல் விலையும் உர விலையுமே. பழைய கதையை எவரும் எடுப்பதில்லை. மறந்துவிட்டார்கள் என்று அதற்குப் பொருளில்லை.

இனி, உன்னிச்சைக்கே திரும்பினால், அங்கே உணவுச்சாலை என்று சொல்லத்தக்கது எதுவும் கண்ணுக்கு எளிதில் தென்படாது. பயணிக்குக் கிடைப்பது ஒரு தேநீர்க் கடை, ஒரு வாங்கு, கண்ணாடிப் பெட்டியினுள் நாலைந்து பணிஸ், கேட்டால் வெறுந்தேநீர். நேரம் வாய்த்தால் குளத்து மீன் குழம்பும் சோறும் கிடைக்கும். இலங்கைக்கு 1952ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட திலாப்பியா என்னும் மீன், நாட்டுக் குளங்களிலெல்லாம் பெருகி, உழவரின் நாளாந்த உணவாகிவிட்டது. வாவி இறாலுக்கு நாப் பழகிய நகரத்தார் அதனைச் சேற்று மணம் என்று ஒதுக்குவர். கொறுக்காய்ப் புளியும் மிளகாயும் சேர்த்துக் கொதிக்கவைத்த அக்குழம்பை, வயலிலிருந்து ஏறி வந்த பசியோடு உண்டவர் அவ்வாறு சொல்லமாட்டார்.

போர்க் காலத்தில் இப்பகுதி மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். 2007க்குப் பின் திரும்பி வந்து காடு மண்டிய வளவுகளைத் துப்புரவாக்கினர். வயல் மீண்டது, பட்டியும் ஓரளவு மீண்டது. ஆயினும், நகரத்துக்கு நீர் வழங்கும் குளத்தின் அண்டையிலே குடிநீர்க் குழாய் இல்லாத சிற்றூர்கள் இருந்தன. வறட்சி மாதங்களில் பிரதேச சபையின் தண்ணீர் வண்டியை எதிர்பார்த்துக் குடங்களோடு பெண்கள் வீதியோரத்தில் காத்திருந்த ஆண்டுகள் பல. எங்கள் குளத்து நீர் எங்களுக்கும் வேண்டும் என்று அவ்வூரவர் எழுப்பிய குரல் நாளிதழ்களில் அவ்வப்போது வெளிவந்தது.

அத்தகைய கோடை நாளொன்றில் படுவான்கரைத் தேநீர்க் கடைக்கு வரும் நகரத்தான், மேசையில் தண்ணீர் வைக்கப்படவில்லை என்று சற்றுச் சினம் கொள்வான். “தம்பி, குடிக்கத் தண்ணி தாங்கோ” என்பான். கடைக்காரர் மூலையில் மூடி வைத்திருக்கும் வாளியைத் திறந்து, பேணியில் முக்காற்பங்கு மொண்டு, இரு கைகளாலும் ஏந்தி வந்து அவன் முன் வைப்பார்.