பனிக்குப் போகும் பிள்ளைகள்

பனியே இல்லாத நம் மலேசியாவுக்காக 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெஃப்ரி வெப் பனிச்சறுக்கில் இறங்கினார். நம் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை வரட்டும்!

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் பனிச்சறுக்குக் கற்க ஜப்பானின் நிசெக்கோவுக்குப் போகிறீர்களா? கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் அங்கே கூட்டம் அலைமோதும். தனிப் பயிற்சி வேண்டுமென்றால், விமான டிக்கெட் வாங்கும்போதே ஆசிரியரையும் பதிவு செய்துவிடுங்கள். அங்கே ஆங்கிலம் பேசும் ஆசிரியர்கள் நிறைய உண்டு. பிள்ளைக்குப் புரியும் மொழியைக் கேட்டுப் பெறுங்கள்.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாள் முழுக்கப் பயிற்சி வேண்டாம். நம் வெயிலில் வளர்ந்த உடம்பு, குளிரில் சீக்கிரம் களைத்துவிடும். காலையில் இரண்டு மணி நேரம் தாராளம். சறுக்குப் பலகை, காலணி, தலைக்கவசம், லிஃப்ட் கட்டணம் எல்லாம் சேர்த்தியா, காய்ச்சல் வந்து ரத்து செய்தால் பணம் திரும்புமா என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள். பயணக் காப்புறுதியில் பனிச்சறுக்கு விபத்தும் அடங்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.