ஓவர்லாக் சொல்லித்தரும் கணக்கு



திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓடும் ஓவர்லாக் மெஷினில் பாபின் கிடையாது. ஊசி நூலும் இரண்டு லூப்பர் நூல்களும் துணியின் ஓரத்தைப் பின்னுகின்றன. தையல் விழும் முன்பே கத்தி ஓரத்தை வெட்டிவிடும். தையலைப் பிரிக்கலாம், வெட்டுப்பட்ட துணி திரும்பாது. எனவே அளவு முதலில், தையல் பிறகு.

வெட்டுத்துணிகளை இணைத்துப் போர்வை தைக்கிறோம். வரிசைக்கு 10 சதுரங்கள். ஒவ்வொன்றிலும் 0.5 செ.மீ. கூடுதலாக வெட்டுப்பட்டால் வரிசையில் 5 செ.மீ. குறையும். தசமப் பெருக்கலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

ஓர் எச்சரிக்கை: குண்டூசியைக் கத்திக்கு முன்பே எடுத்துவிட வேண்டும், உடைந்து தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து.

அம்மாவின் வேலையில் இவ்வளவு கணக்கா என்று பிள்ளைகள் வியக்கட்டும். அந்த மதிப்பும் நாம் நடத்த வேண்டிய பாடமே.