உப்புக்கு நடுவே நல்ல தண்ணீர்

ராமேசுவரம் என்றதும் பலருக்கும் கோயிலின் மூன்றாம் பிராகாரம்தான் கண்முன் வரும். 1,212 தூண்கள், சேதுபதி மன்னர்கள் விட்டுப்போன அழகு. எனக்கு வாளிச் சத்தம் காதில் விழும். அக்னி தீர்த்தத்தில், அதாவது கடலில், முங்கி எழுந்து ஈரம் சொட்டச் சொட்டக் கோயிலுக்குள் ஓடுவோம். கிணற்றுச் சுவர்மேல் நிற்பவர் கயிற்று வாளியை உள்ளே வீசுவார், மொள்வார், நம் தலையில் கவிழ்ப்பார். இப்படி 22 தீர்த்தம். கடைசிக் கிணறு வருவதற்குள் பல் தந்தியடிக்கும்.

கிழக்கு வாசலிலிருந்து கடல் கூப்பிடு தூரம். அங்கே வாயில் பட்ட தண்ணீர் கரித்தது. கோயில் கிணற்றுத் தண்ணீர் அப்படிக் கரிக்கவில்லையே, ஏன்?

ராமேசுவரம் ஒரு தீவு; பெரும்பாலும் மணல். பெய்த மழை அதில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓரடி நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு உப்பை அண்டவிடாது. நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லும் கணக்கு இது. அதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓரடி இறங்கினால், உப்பு நாளடைவில் 40 அடி ஏறிவரும்.

அந்தத் தண்ணீரை மொள்ள எத்தனை பேர் வந்தார்கள்? அந்தக் காலத்தில் காசிக்கும் சேது என்கிற இந்த ராமேசுவரத்துக்கும் மாதக்கணக்கில் நடந்தார்கள். இங்கே எடுத்த மணலைப் பிரயாகையில் கங்கையில் கரைத்துவிட்டு, கங்கை நீரைச் செம்பில் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தார்கள். தீவை எட்டும் கடைசிக் கட்டம் படகில். 1914இல் பாம்பன் ரயில் பாலம் வந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தீவின் முனையிலிருந்த தனுஷ்கோடி போயிற்று. பயணிகளோடு ஒரு ரயிலையும் கடல் கொண்டுபோனது. 1988இல் சாலைப் பாலம். 2025 ஏப்ரலில், நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடும் புதிய ரயில் பாலம்.

பாலம் பலமாகப் பலமாக, ஊர் நெரிந்தது. 2011 கணக்கெடுப்பில் இங்கே குடியிருந்தவர்கள் சுமார் 45,000 பேர்தான். ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று வந்து இறங்கும் கூட்டத்துக்கு முன்னால் அது எம்மாத்திரம்? வருகிறவர்களுக்கு விடுதி வேண்டும், விடுதிக்குக் குழாயில் தண்ணீர் வேண்டும், அதற்கு ஆழ்துளைக் கிணறு வேண்டும். வாளி மொண்ட இடத்தில் மோட்டார் உறிஞ்சுகிறது. போதாக்குறைக்கு, பாவம் தொலைய முங்குகிற அக்னி தீர்த்தத்திலேயே சாக்கடை கலக்கிறது என்ற புகார் ஆண்டுக்கணக்காக இருக்கிறது. உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவிட்டு வருகிறோமே, அது எந்தச் சாஸ்திரம் என்று எனக்குப் புரிந்ததில்லை. அதை வலையிலிருந்து பிரித்தெடுப்பவர் மீனவர்.

புதிய பாலத்தைப் படம் பிடிக்காதவர் இல்லை. கோயிலுக்கு வெளியே, தீவெங்கும் சிதறிக் கிடக்கும் தீர்த்தக் குளங்களை யார் எட்டிப் பார்க்கிறார்கள்? மழைநீரைப் பிடித்து மணலுக்குள் இறக்கிக்கொண்டிருந்தவை அவைதாம். பல தூர்ந்தே போயின; அவற்றில் ஒரு பகுதியைத் தோண்டி மீட்டிருக்கிறார்கள்.

தனுஷ்கோடிப் பக்கம் போனால் பாருங்கள். ஒரு புறம் அமைதியான கடல், பெண் கடல் என்பார்கள்; மறு புறம் அலையடிக்கும் ஆண் கடல். இடையில் உள்ள மணலில் பெண்கள் கையாலேயே ஊற்றுத் தோண்டுவார்கள். அடியில் தண்ணீர் கசிந்து சேரும்வரை பக்கத்திலேயே குந்தியிருப்பார்கள். சேர்ந்ததும், கலங்காமல், கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள்.