நிரல்நிறையும் நிரலாக்கமும்



தலைமை உரையில் நிரலாக்கத் துறையின் நேற்று, இன்று, நாளை என்று பேசுவது வழக்கம். எனக்கு அவ்வளவு பெரிய கண் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியல்களைச் சுருக்கமாக ஒரே லூப்பில் ஓட்டுவது பற்றி மட்டும் பேசப் போகிறேன். அதற்குக் காரணம் நான் பட்ட அவமானம்.

முன்பு ஒரு கல்லூரிக்கு மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் நிரல் எழுதினேன். ஒரு பட்டியலில் 60 பெயர்கள், இன்னொன்றில் மதிப்பெண்கள். பைத்தானின் ஜிப்பைப் போட்டு இரண்டையும் ஒரே வரியில் கோத்துவிட்டேன். 17ஆம் எண் மாணவர் தேர்வுக்கு வரவில்லை. அவருக்குப் பதிவே இல்லை. 18ஆம் எண்ணின் மதிப்பெண் அவர் பெயரில் ஏறியது. அங்கிருந்து கடைசிவரை ஆளுக்கு அடுத்தவர் மதிப்பெண். 60ஆம் மாணவர் பட்டியலிலேயே இல்லை. நிரலோ ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடி முடிந்தது. அந்த மாணவர் வந்து கேட்ட பிறகுதான் எனக்கே தெரியும். பட்டியல்களில் ஒன்று தீர்ந்ததும் ஜிப் நின்றுவிடும், மற்றதில் மிச்சம் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாது என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. படிக்காதது என் குற்றம்.

ஜிப் செய்யும் வேலைக்கு நம்மிடம் பழைய பெயர் இருக்கிறது: நிரல்நிறை. தொல்காப்பியம் சொல்லும் நான்கு பொருள்கோள்களில் அது ஒன்று. நன்னூல் சொல்லும் எட்டிலும் உண்டு. சொற்களை ஒரு வரிசையாகவும், அவற்றுக்கு உரியவற்றை இன்னொரு வரிசையாகவும் வைத்துவிட்டால், முதலாவதோடு முதலாவதையும் இரண்டாவதோடு இரண்டாவதையும் படிப்பவர் கூட்டிக்கொள்ள வேண்டும். 45ஆம் குறளில் அன்புக்குப் பண்பும் அறத்துக்குப் பயனும் சேர்வது இப்படித்தான். 410ஆம் குறளில் வரிசை தலைகீழாகிறது. விலங்கு கல்லாதவரோடும் மக்கள் கற்றவரோடும் போய்ச் சேர வேண்டும். அது எதிர்நிரல்நிறை. பைத்தானில் ஒரு பட்டியலைத் திருப்பிப் போட்டு ஜிப் செய்தால் அதே கதை. வள்ளுவருக்கு எண்ணிக்கை தவறவில்லை என்பதுதான் எனக்கும் அவருக்கும் வித்தியாசம்.

ஜிப் பைத்தானுக்கு வந்தது 2.0 பதிப்பில், 2000 அக்டோபரில். அதற்கான முன்மொழிவை எழுதியவர் பேரி வார்சா. பட்டியலை ஒரே வரியில் உருவாக்கும் சுருக்க வடிவமும் அதே பதிப்பில்தான் வந்தது. ஜிப் இல்லாத இடத்தில் இன்டெக்ஸ் என்ற ஒரு எண்ணை ஓடவிட்டு, அதைக்கொண்டு இரு பட்டியலையும் தொட வேண்டும். அந்த எண் நமக்குத் தேவையே இல்லை. நடுவில் நிற்கும் தரகர். தரகரை நீக்குவதுதான் சுருக்கம். வரிகள் குறைவது அதன் பக்கவிளைவு என்றே கருதுகிறேன்.

பட்டியல்களுக்குள் இன்னொரு உறவும் உண்டு: ஒன்றில் உள்ள ஒவ்வொன்றையும் மற்றதில் உள்ள ஒவ்வொன்றோடும் சேர்ப்பது. முதல் வகுப்பிலேயே அதை நாம் கற்றுவிட்டோம். 18 மெய், 12 உயிர், பெருக்கினால் 216 உயிர்மெய். ஒரே வரிக்குள் இரண்டு ஃபார் எழுதினால் சுவரில் தொங்கும் அரிச்சுவடி அட்டவணை முழுவதும் வந்துவிடும். ஒருங்குறியில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘க்’ என்பதோடு ‘ஆ’வை ஒட்டினால் ‘கா’ வராது. அகரமேறிய ‘க’வோடு துணைக்கால் குறியைச் சேர்க்க வேண்டும். அகரத்துக்கு என்று தனிக் குறி இல்லாததால், உயிர்க்குறிப் பட்டியலின் முதல் இடத்தில் வெற்றுச் சரத்தை வைக்க வேண்டும். மறந்தால் 198தான் கிடைக்கும். இடப்பக்க ஃபார் மெதுவாக நகரும், வலப்பக்கம் வேகமாகச் சுற்றும். மெய் இடப்பக்கம் இருந்தால் க, கா, கி என வரும். இடம் மாற்றினால் க, ங, ச என வரும். பொருள்கள் அதே 216. 1962இல் கென்னத் ஐவர்சன் தம் நூலில் வகுத்த குறியீட்டிலிருந்து வளர்ந்த ஏபிஎல் மொழியில் இந்த முழுப் பெருக்கத்துக்கும் இரண்டு மூன்று குறிகள் போதும். எனக்கு அதைப் படித்தால் கண் வலிக்கிறது. அது வேறு விஷயம். ஆனால் சுருக்கம் ஓடும் நேரத்தை மிச்சப்படுத்தும் என்று நினைக்காதீர்கள். ஆயிரம் உறுப்புள்ள மூன்று பட்டியல்களைப் பெருக்கினால் 100 கோடி சேர்க்கைகள். எழுத ஒரு வரி, ஓட நெடுநேரம்.

இனி என் மதிப்பெண் பட்டியலுக்கு வருகிறேன். 2021 அக்டோபரில் வந்த பைத்தான் 3.10இல், ஸ்ட்ரிக்ட் என்று சொல்லி ஜிப் செய்தால் நீளம் பொருந்தாதபோது பிழை காட்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் லூப்பின் கடைசியில்தான் காட்டும். அதற்குள் 43 மதிப்பெண் தவறாக ஏறியிருக்கும். பெயர்ப் பட்டியலிலும் ஒருவர் விடுபட்டிருந்தால் இரு நீளமும் சமமாகி, ஸ்ட்ரிக்டும் வாய் திறக்காது. என் பட்டியல்களுக்குள் நிரல்நிறை உறவே இருக்கவில்லை என்பதுதான் உண்மை. ஒன்று அலுவலகத்திலிருந்து வந்தது, மற்றது தேர்வறையிலிருந்து வந்தது. அவற்றைப் பதிவெண்ணைக் கொண்டு ஒரு டிக்ஷனரி வழியாகவே இணைத்திருக்க வேண்டும். இரட்டை லூப்பில் தேடினாலும் விடை சரியாக வரும். ஆனால் 5,000 பேருக்கு 2.5 கோடி ஒப்பீடு வரை போகும். டிக்ஷனரியில் 5,000 தேடல் போதும்.

இரு பட்டியல்கள் ஒரே கையிலிருந்து, ஒரே வரிசையில் பிறந்தவையாக இல்லாவிட்டால் ஜிப் போடாதீர்கள். கட்டுரை வாசிக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஒருவரி நிரலைத் திரையில் காட்டும்முன், அந்தப் பட்டியல்கள் எங்கிருந்து வந்தன என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். மாலைக் கலைச்சொல் அமர்வில் ஜிப்புக்கு ‘நிரல்நிறை’ என்ற பெயரையும் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.