கேக் அடிக்கிற கைகள்



யாழ்ப்பாணத்துப் பேச்சில் கேக்கை யாரும் சுடுவதில்லை. "நாளைக்குக் கேக் அடிக்கப் போறன்" என்றுதான் சொல்வோம். போறணைக்குள் அது வேகிற நேரத்தை விட்டுவிட்டு, அதற்கு முந்திய கைவேலையைப் பிடித்து எங்கள் பெண்கள் இந்தக் கலைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். முப்பது வருடமாக அவர்களோடு சேர்ந்து அடித்து வருகிற எனக்கு, இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமென்று தோன்றவில்லை.

எங்கள் பட்டர் கேக்கின் கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு இறாத்தல் பட்டர், ஒரு இறாத்தல் சீனி, ஒரு இறாத்தல் கோதுமை மா, எட்டோ பத்தோ முட்டை, கொஞ்சம் வனிலா. ஒரே ஒழுங்கையில் நாலு வீட்டில் இதே கணக்கில் அடிப்பார்கள். நாலும் நாலு விதமாக வரும். ஒன்று பஞ்சுபோல் இருக்கும், ஒன்று அடியில் களிபோலப் படிந்திருக்கும்.

காரணம் அடிப்பில் இருக்கிறது. பட்டரோடு சீனியைச் சேர்த்து அடிக்கும்போது சீனிப் பரல்களின் கூர்முனைகள் பட்டருக்குள் கணக்கற்ற நுண்ணிய காற்றறைகளைக் கீறிவிடுகின்றன. பிறகு போடுகிற பேக்கிங் பவுடர் புதிதாக ஒரு குமிழியையும் உண்டாக்குவதில்லை. இருக்கிற குமிழிகளை ஊதிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். ஆகவே அடிக்கும்போது சேராத காற்றைப் பிறகு பேக்கிங் பவுடரால் ஈடுசெய்ய முடியாது. ஒரே பக்கமாகத்தான் சுழற்ற வேண்டும் என்று அம்மா என்னை வெருட்டி வைத்திருந்தா. பக்கம் மாறினாலும் ஒன்றும் குறையாது என்பது என் அனுபவம். நேரம் குறைந்தால்தான் பிழைக்கும். எங்கள் அயலில் ஒரு மாமி இருந்தா. குசினி வாசலில் நின்று அகப்பைச் சத்தத்தைக் கேட்டே சொல்லுவா: "பிள்ளை, அடிச்சது காணாது. சீனி இன்னும் கரகரக்குது." அந்தக் காது எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

வெளிநாட்டுப் புத்தகங்கள் பட்டரை 'அறை வெப்பநிலையில்' எடுக்கச் சொல்கின்றன. அவர்களுடைய அறை 20 பாகை. எங்கள் குசினியில் சித்திரை மாதத்து மத்தியானம் 33 பாகை. அந்தச் சூட்டில் பட்டர் எண்ணெயாக இளகிவிடும். எண்ணெய்க்குள் காற்று நிற்காது. அதனால்தான் விடியப்புறம் ஐந்து மணிக்கே எழும்பி அடித்தார்கள். சட்டியைக் கிணற்றுத் தண்ணீர்த் தாச்சிக்குள் இருத்தி அடித்தார்கள். முட்டை சேர்க்கும்போது கலவை திரைந்தால் ஒரு கரண்டி மாவைத் தூவி மீட்டார்கள். இந்தத் திருத்தங்கள் வேலிக்கு மேலால் வந்து சேர்ந்தவை. ஒருத்தி தன் கேக்கில் ஒரு துண்டை மூடிக் கொடுத்துவிடுவாள். கோப்பை திரும்பி வரும்போது அதோடு ஒரு வார்த்தையும் வரும்: "நடு கொஞ்சம் இறங்கிப்போச்சு, இடையில போறணையத் திறந்தனீரோ?" அப்படிக் கேட்கிற உரிமையும், அதைத் தாங்கிக்கொள்கிற நட்பும் இருந்த ஒழுங்கையில்தான் நல்ல கேக் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வீட்டுக் கைகளின் உச்சம் எதுவென்று கேட்டால் லவ் கேக்கைத்தான் சொல்வேன். பறங்கியர் வீடுகளில் வளர்ந்து, நத்தாரோடு எல்லோர் வீட்டுக்கும் பரவியது அது. மாவுக்குப் பதில் ரவை, பொடியாக அரிந்த கஜு, நிறைய முட்டை மஞ்சட்கரு, தேன், பன்னீர், ஏலம், சாதிக்காய், அதோடு நீற்றுப்பூசணியைச் சீனிப் பாகில் போட்டெடுத்த 'புகுல் தோசி'. ரவை பட்டரை உறிஞ்சி ஊற நேரம் விட வேண்டும். தட்டுக்கு அடியில் பழைய பத்திரிகைத் தாளை மடித்து மடித்துப் போட்டு, மேலே எண்ணெய்த் தாள் விரித்து, மெல்லிய சூட்டில் நீண்ட நேரம் வேக விடுவார்கள். மேல் சிவந்து, உள்ளே ஈரம் மாறாமல் இருக்க வேண்டும். அவசரக்காரருக்கு அது வாய்க்காது. இலங்கையில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய சார்மெயின் சொலமன் 1976இல் வெளியிட்ட பெரிய ஆசியச் சமையல் நூலிலும் லவ் கேக்குக்கு இடம் கொடுத்திருக்கிறா. ஊரை விட்டுப் போனவர்கள் கொண்டுபோன பொருட்களில் இந்தச் செய்முறையும் ஒன்று.

1990க்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லாத வருடங்களை நினைத்துப் பார்க்கிறேன். பெரிய சட்டிக்குள் மணலைப் பரப்பி, அதன் மேல் கேக் தட்டை இறக்கி, மூடிக்கு மேலே சிரட்டைக் கரித் தணலைப் போட்டு வேக வைத்தார்கள். மேலும் கீழும் நெருப்பு. வெப்பமானி கிடையாது. மூடிக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்து, எத்தனை எண்ணும்வரை தாங்குகிறது என்று பார்த்தே சூட்டை அளந்தார்கள். 2022இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்ற மாதங்களில், ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றபோது, அந்த மணற்சட்டி எங்கள் வீட்டில் மறுபடி இறங்கியது. என் மகள் அதில் அடித்த முதல் கேக்கின் ஒரு பக்கம் கருகியது. இரண்டாவது நன்றாக வந்தது.

இப்போது என்ன அடிக்கிறார்கள்? பட்டரும் முட்டையும் விலை ஏறிய பிறகு புதிய முயற்சிகள் கூடியிருக்கின்றன. என் சிநேகிதி ஒருத்தி பனங்கட்டிக் கேக்கில் இறங்கியிருக்கிறாள். முதல் முறை செங்கட்டிபோல வந்தது. பனங்கட்டித் தூளில் ஈரம் இருக்கிறது. சீனிப் பரலின் கூர்மை இல்லை. பட்டருக்குள் காற்றைக் கீற அதனால் முடியாது. பிறகு பாதிக்குச் சீனி சேர்த்து, வெள்ளைக் கருவைத் தனியாக நுரைக்க அடித்து, கடைசியில் மெதுவாகப் புரட்டிக் கலந்தாள். அவள் தந்த துண்டின் வாசம் இரண்டு நாள் என் குசினியில் நின்றது. இன்னொருத்தி குரக்கன் மாவை முழுதாகப் போட்டு, வெட்டும்போதே உதிரக் கண்டாள். குரக்கனில் மாவைப் பிடித்து நிறுத்தும் பசை இல்லை. காற்பங்குக்கு மேல் போடாமல் இப்போது அடிக்கிறாள்.

இந்த இருவரும் தங்கள் பிழையைச் சொன்னதால்தான் நான் பொருளைச் செலவழிக்காமல் தப்பினேன். இன்றைய பிள்ளைகள் கைபேசியில் அனுப்புகிற படங்களில் மேல்பூச்சும் பூவும் மிக அழகாக இருக்கின்றன. அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் கேக்கின் தரம் வெட்டுமுகத்தில்தான் தெரியும். துளைகள் சிறிதாக ஒரே சீராக இருக்கின்றனவா, அடியில் ஈரக்கோடு விழுந்திருக்கிறதா, நடு வெந்திருக்கிறதா என்பதை மேற்பூச்சு மறைத்துவிடும். ஆகவே படம் அனுப்புகிற பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான்: ஒரு துண்டு வெட்டி, அந்தப் பக்கத்தையும் எடுத்து அனுப்புங்கள், பிள்ளைகளே.

போன கிழமை என் மருமகள் அப்படி ஒன்றை அனுப்பினாள். நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வேகாத கோடு. கீழே எழுதியிருந்தாள்: "மாமி, எங்க பிழைச்சது?" அன்றிரவு நாங்கள் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் கதைத்தோம்.